குடி மறக்க வைக்கிற பவுடரை ஆளுக்குத் தெரியாம சாம்பார்ல கலந்து குடுக்கலாமுங்களா?

கொழிஞ்சாம்பாறை_அம்மிணி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. இத எங்க கேக்கறதுன்னு தெரியாம ரெண்டு நாளா டைப் பண்ணி டைப் பண்ணி அழிச்சிட்டிருக்கேன். நாங்க கொழிஞ்சாம்பாறை பக்கம், கேரளாவுல இருந்தாலும் ஊரே தமிழ்தான், பைக்க எடுத்தா கொஞ்ச நேரத்துல பார்டர். எங்கூட்டுக்காரருக்கு 41 வயசு. தேங்கா களத்துல வேலை, உரிக்கறது, லோடு ஏத்தறது எல்லாம். கல்யாணம் ஆன புதுசுல பொழுதோட ஷாப்புல கள்ளு குடிச்சுப்போட்டு வருவாரு, எங்க பக்கம் அத யாரும் குடின்னே சொல்ல மாட்டாங்க. அப்பறம் பிராந்தி. இப்ப ஒரு மூணு வருசமா வெடியால பல்லு வெளக்கறதுக்கு முந்தியே ஒரு கட்டிங் உள்ள போகோணும். அது போனாத்தான் கை நிக்கும். போகலைன்னா டீ டம்ளர ரெண்டு கையாலயும் புடிச்சுத்தான் வாய்க்குக் கொண்டு போவாரு, அப்பவும் பாதி சட்டைல சிந்திரும். பாட்டில தேங்கா மட்டைக் குமிக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருப்பாரு, எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். போன கார்த்திகை ஒன்னாந் தேதி மாலை போட்டாருங்க. நானும் புள்ளயும் அவ்வளவு சந்தோசப்பட்டோம், 41 நாளாவது வீடு வீடா இருக்கும்னு. மொத நாளே பொழுதோட நடுக்கம், வாந்தி. ராத்திரி பூரா தூக்கமில்ல, வேர்த்து வேர்த்து பாய் நனைஞ்சு போச்சு. ரெண்டாம் நாள் மத்தியானம் வாசல்ல நின்னுட்டிருந்த ஆளு அப்படியே மரம் சாஞ்ச மாதிரி விழுந்து கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்குது, வாயில நுரை. கைல சாவிய வெச்சு அமுக்குனாங்க, ஒரு ரெண்டு நிமிசத்துல நின்னுச்சு. மூணாம் நாள் அதவிட மோசம். போர்வைல இருந்து எதையோ நூல் நூலா உருவி உருவி கீழ போடறாரு, என்னங்கன்னா எறும்புங்கறாரு, அங்க ஒன்னுமே இல்லீங்க. செத்து ஏழு வருசமான எங்க மாமனாரு வாசல்ல நிக்கறாரு, சேர் போடுங்கறாரு. என் கைய யாருன்னு பாக்காம தட்டி விட்டாரு.

சாமி குத்தம், சுத்தபத்தம் கொறஞ்சு போச்சுன்னு பெரியவங்க சொல்லி ஒரு பூசாரிகிட்ட கூட்டிட்டு போனாங்க, திருநீறு போட்டாரு, மாலையக் கழட்டச் சொன்னாரு. அதுக்கப்பறம் இவருகூட களத்துல வேலை செய்யற ஒருத்தரு அரை கிளாஸ் பிராந்தி ஊத்திக் குடுத்தாரு. அரை மணி நேரத்துல நடுக்கம் நின்னு பேச்சு தெளிய ஆரம்பிச்சிருச்சு. அன்னைல இருந்து எங்க அத்தையே "அவனுக்கு அது இல்லாட்டி உசுரு நிக்காது, விட்டுரு"ங்கறாங்க.

இப்ப பொள்ளாச்சில ஒருத்தர் குடி மறக்க வைக்கிற பவுடர் தர்றாரு, 40 நாளைக்கு 3,200 ரூபா. மணம் தெரியாது ருசி தெரியாது, சாம்பார்லயோ ரசத்துலயோ கலந்து குடுங்க, ஆளுக்கே தெரியாம குடிய வெறுத்துருவாருங்கறாரு. குடும்பஸ்ரீ மகளிர் குழு லோன் பணம் கைல இருக்கு. வாங்கலாமுங்களா? கெடுதல் ஏதும் வருமா? அத்தை சொல்றது நெசமா, இவரு நிறுத்துனா செத்துருவாரா? புள்ள ஒம்பதாவது படிக்குது. தயவு பண்ணி தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மலையடிவாரம்:

கஷ்டமா இருக்குதுங்க படிக்கவே. எங்க சித்தப்பா ஒரு கோயில்ல குடி நிறுத்தறதுக்கு கயிறு கட்டுனாரு, இன்னிக்கு வரைக்கும் தொடல. நம்பிக்கைதான் பெருசு. பவுடருக்கு 3,200 செலவு பண்றதுக்கு ஒரு தடவ கயிறு கட்டிப் பாருங்க.

பழைய_சிஸ்டர்:

அம்மிணி, மொதல்ல அந்தப் பவுடர வாங்காதீங்க, வாங்கியிருந்தா இன்னிக்கே தூக்கி வெச்சிருங்க. நான் கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரில 27 வருசம் ஸ்டாப் நர்சா இருந்து ரிட்டயர் ஆனவ, அதுல ஆம்பளைங்க மெடிக்கல் வார்டுலயே பல வருசம். நீங்க எழுதியிருக்கற அந்த மூணு நாளும் அப்படியே எங்க வார்டுல வருசா வருசம் கார்த்திகை மாசம் நடக்கும். கருப்பு வேட்டி, கழுத்துல மாலை, கட்டில்ல கையக் கட்டி வெச்சிருப்பாங்க, கூட வந்த சம்சாரம் "சாமி குத்தமுங்களா சிஸ்டர்"னு கேட்டுட்டு நிக்கும். அதனால பொறுமையா எழுதறேன், படிங்க.

சாமி குத்தம் ஒன்னும் இல்லம்மா. சாராயம்ங்கறது மூளைய அமுக்கி வைக்கற சரக்கு. வருசக்கணக்கா தினமும் அது உள்ள போனா மூளை அதுக்கு ஈடு குடுக்கறதுக்காக எதிர்ப்பக்கம் வேகத்தக் கூட்டி வெச்சுக்கும். பாரத்த இழுத்துட்டு ஏத்தத்துல போற மாட்ட நெனச்சுக்கோங்க, திடீர்னு பாரத்த அவுத்து விட்டா மாடு முன்னால போய் விழும்ல, அதேதான். திடீர்னு நிறுத்துனா 6 மணி நேரத்துலயே நடுக்கம், வேர்வை, வாந்தி ஆரம்பிச்சிரும். மொத ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாம் நாள்ல இருந்து நாலாம் நாளுக்குள்ள இல்லாத பூச்சி தெரியறது, செத்தவங்க தெரியறது, ஆள் அடையாளம் தெரியாம போறது. கடைசியா சொன்னதுக்கு டாக்டருங்க டெலிரியம் ட்ரெமன்ஸ்னு பேரு சொல்லுவாங்க. அத வைத்தியம் பாக்காம விட்டா ஆள் செத்துப் போறதும் உண்டு. நீங்க ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகாமயே அவரு பொழைச்சாரே, அது அதிர்ஷ்டம்னுதான் சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க.

பிராந்தி ஊத்துனதும் தெளிஞ்சாருன்னு சொன்னீங்கல்ல, அத வெச்சுத்தான் உங்க அத்தை அப்படிப் பேசறாங்க. தெளிஞ்சதுக்குக் காரணம் மூளை எதுக்காகத் தவிச்சுதோ அது கெடச்சிருச்சு, அவ்வளவுதான். அதே வேலைய டாக்டர் மாத்திரைல செய்வாரு, டயஸெபாம், லோராசெபாம், குளோர்டயஸெபாக்சைடுனு அந்த ஜாதி மருந்து. மொத நாள் நெறைய, அடுத்தடுத்த நாள் கொறச்சு கொறச்சு ஒரு வாரம் போல குடுத்து நிறுத்திருவாங்க. அதுக்குள்ள மூளை சமநிலைக்கு வந்துரும். குடி நின்னா உசுரு நிக்காதுங்கறது பொய்யி. வீட்டுல வெச்சு ஒரே நாள்ல நிறுத்தறதுதான் ஆபத்து. இந்த ரெண்டையும் நம்ம ஜனங்க போட்டுக் கொழப்பிக்கறாங்க, அதுலயே எத்தனையோ பேரு கடைசி வரைக்கும் வைத்தியத்துக்கே வராமப் போயிடறாங்க. மாத்திரை பேரச் சொன்னேன்னு நீங்களா மெடிக்கல்ல வாங்கிக் குடுத்துராதீங்க, சாராயத்தோட சேந்தா மூச்சே நின்னுரும்.

இன்னொன்னு, இது ரொம்ப பேருக்குத் தெரியறதில்ல. நெறைய குடிக்கறவங்க சரியா சாப்பிட மாட்டாங்க, ஒடம்புல வைட்டமின் பி1, தயமின்னு சொல்லுவோம், அது வத்திப் போயிருக்கும். அப்படிப்பட்ட ஆளு மயங்கிக் கெடக்கறாருன்னு பக்கத்து க்ளினிக்ல கூட்டிட்டு போய் மொத வேலையா குளுக்கோஸ் பாட்டில் ஏத்திட்டா இருக்கற கொஞ்ச தயமினும் தீந்து மூளையே பாதிக்கும். கண்ணு ஒரு பக்கமா ஆடும், நடை தள்ளாடும், ஞாபகம் போயிரும், சில பேருக்கு அது திரும்பி வர்றதே இல்ல. அதனால மொதல்ல தயமின் ஊசி, அப்பறம்தான் குளுக்கோஸ். எங்க கூட்டிட்டு போனாலும் "இவரு தினமும் குடிக்கறவரு, கடைசியா இத்தன மணிக்குக் குடிச்சாரு, முந்தி ஒருக்கா வலிப்பு வந்திருக்கு"ன்னு வெக்கப்படாம மொத வார்த்தையா சொல்லீருங்க. மறைச்சு "காய்ச்சல்"னு சொல்லி அட்மிட் பண்ணி ரெண்டாம் நாள் ராத்திரி வார்டையே புரட்டிப் போட்டவங்கள நான் நெறைய பாத்திருக்கேன்.

இப்ப பவுடர். அதுல என்ன இருக்குன்னு அந்தாளுக்கே தெரியாது. நெறைய எடத்துல டைசல்பிராம்ங்கற மாத்திரையத்தான் பொடி பண்ணிக் குடுக்கறாங்க. அது நெசமான மருந்துதான், 1948ல டென்மார்க்ல கண்டுபுடிச்சு எழுதுனாங்க. ரப்பர் பேக்டரில பயன்படுத்தற கெமிக்கல் அது, அங்க வேலை செஞ்சவங்க குடிச்சா ஒத்துக்காம போனத அதுக்கு முந்தியே ஒரு டாக்டர் கவனிச்சிருந்தாரு. அது ஒடம்புல இருக்கும்போது குடிச்சா சாராயம் பாதி வழில அசிட்டால்டிஹைடுங்கற விஷமா மாறி அப்படியே நின்னுக்கும். மூஞ்சி செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, வாந்தி எடுத்து, பிரஷர் எறங்கும். இருதயம் வீக்கா இருக்கறவருக்கு உசுரே போகும். ஈரலயும் பாதிக்கலாம். டாக்டரு இத குடிக்கும்போது குடுக்கவே மாட்டாரு, குடிச்சு 12 மணி நேரமாவது ஆகியிருக்கோணும், ஈரல் டெஸ்ட், ஈசிஜி பாத்து, ஆளுகிட்டயே "இத சாப்பிட்டுக் குடிச்சா இப்படி ஆகும்"னு சொல்லி, அவரு சம்மதிச்சாத்தான் குடுப்பாரு. நிறுத்துன பின்னயும் ரெண்டு வாரம் வரைக்கும் அதோட வேகம் இருக்கும். உங்க சாம்பார சாப்பிட்டுட்டு, தெரியாம வழக்கமான கட்டிங்க போட்டுட்டு, தென்னந்தோப்புக்குள்ள தனியா விழுந்து கெடந்தார்னா? கைல கெடக்கற லோன் பணம் அவரு ஆஸ்பத்திரிக்கு போய்வர ஆகட்டும்.

கயிறு கட்டறத நான் வேண்டாம்னு சொல்லல மலையடிவாரம். உங்க சித்தப்பா நல்லா இருக்கட்டும். ஆனா தினமும் வெடியால குடிக்கற ஆளு கயிறு கட்டுன கையோட ஆஸ்பத்திரிக்கும் போகோணும், இல்லாட்டி மூணாம் நாள் இதே கதைதான்.

எங்க போறதுன்னா, கேரளால குடி, போதைய விடறதுக்கு விமுக்தின்னு கவர்ன்மெண்ட் திட்டம் இருக்கு, 14405க்கு போன் பண்ணுங்க, ப்ரீ. பாலக்காடு ஜில்லாக்கு அதோட சென்டர் அட்டப்பாடி கோட்டத்தறை ஆஸ்பத்திரில. உங்களுக்கு ஆனைகட்டி சுத்திப் போகோணும், தூரம்தான். கோயமுத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, தமிழ்லயே பேசிக்கலாம். இந்தியா பூராவுக்கும் போதை மீட்பு ஹெல்ப்லைன் 14446 இருக்கு. உங்களுக்கே மனசு தாங்கலைன்னா 14416, டெலி மானஸ், தமிழ்லயும் மலையாளத்துலயும் பேசுவாங்க. உங்க ஏரியாவுல வீடு வீடா சுகாதார வேலை பாக்கற ஆஷா சேச்சிகிட்டயும் சொல்லி வைங்க, வழி காட்டுவாங்க.

பெட் கெடைக்கற வரைக்கும் பாட்டில புடுங்கி ஊத்திராதீங்க, திடீர்னு நிறுத்த வைக்காதீங்க. கேக்க உங்களுக்கே கஷ்டமா இருக்கும்னு தெரியும். திருப்பி வலிப்பு வந்தாலோ, ஆள் அடையாளம் தெரியாம பேசுனாலோ, ரத்த வாந்தியோ கருப்பா வெளிக்கிப் போறதோ, கண்ணு மஞ்சளோ பாத்தா போன் பண்ணிட்டெல்லாம் இருக்காதீங்க, 108. வலிப்பு வந்தா கைல சாவி வேண்டாம், ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில ஒன்னும் ஊத்தாதீங்க.

தென்னங்காத்து:

சிஸ்டர் சொன்னது பிராந்திக்கு சரி. ஆனா கள்ளையும் அதோட சேக்கறது ஞாயமில்ல. கள்ளு உணவு. எங்க தாத்தா 88 வயசு வரைக்கும் வெடியால பனங்கள்ளு குடிச்சுட்டுதான் ஏர் ஓட்டுனாரு. இந்தம்மா வீட்டுக்காரர பிராந்திய விட்டுட்டு கள்ளு மட்டும் குடிக்கச் சொன்னா போதும், படிப்படியா சரியாயிரும். 1987ல தமிழ்நாட்ல கள்ள நிறுத்திட்டு இப்ப கவர்ன்மெண்டே சீமைச்சரக்கு விக்குது, அதுதான் சனியன்.

பழைய_சிஸ்டர்:

தம்பி, கள்ளு எறக்கற குடும்பங்களோட பொழப்பப் பத்தின ஞாயம் வேற, அத நான் மறுக்கல. பதநீ உணவு, ஒத்துக்கறேன். ஆனா சுண்ணாம்பு தடவாத பானைல விழுந்த நிமிசத்துல இருந்து அது நொதிக்க ஆரம்பிச்சிரும், பொழுதோட பீரு அளவுக்கு இல்ல அதுக்கு மேலயே ஏறியிருக்கும். மூளைக்கு பாட்டில் லேபிள் தெரியாது, உள்ள போறது எத்தனாலா இல்லையாங்கறது மட்டும்தான் தெரியும். உங்க தாத்தா ஏர் ஓட்டுனாரு, கூடவே 88 வயசு வரைக்கும் இருந்தாரு, அவரு கூட்டாளிங்க எத்தன பேரு இருந்தாங்கன்னு வீட்டுல கேட்டுப் பாருங்க. இவருக்கு கை நடுங்கற அளவுக்கு வந்தாச்சு. இந்த நெலமைல இருக்கறவருக்கு "கொஞ்சமா"ங்கறது முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரிலயே பாதுகாப்பான அளவுன்னு ஒன்னு கெடையாதுன்னு சொல்லியாச்சு. 1988ல இருந்தே சாராயம் புகையிலையோட ஒரே லிஸ்ட்ல, புத்துநோய் உண்டாக்கற மொத க்ரூப்புல இருக்கு. வாயி, தொண்டை, ஈரல், குடல், பொம்பளைங்களுக்கு மார்பு.

அப்பறம் நம்ம பார்டர்ல ஷாப்புக்கு வர்ற கள்ளு பூரா மரத்துல இருந்து எறங்குனதுதானான்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஸ்பிரிட் கலக்கறாங்கன்னு எக்சைஸ்காரங்க வருசத்துக்கு எத்தன தடவ புடிக்கறாங்க.

வாளையார்_ரயில்பாத:

ஸ்பிரிட்னு சிஸ்டர் சொன்னதால சொல்றேன். 2020 அக்டோபர்ல எங்க வாளையார் பக்கத்துல செல்லங்காவுல அஞ்சு பேரு போனாங்க, பழங்குடி ஜனங்க, வெஷச் சாராயம் குடிச்சு. அப்பறம் 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில 60 பேருக்கு மேல. மெத்தனால்ங்கறது வாசனைலயும் பாக்கறதுக்கும் சாராயம் மாதிரியேதான் இருக்குமாம், ஒடம்புக்குள்ள போய் பார்மிக் ஆசிடா மாறி மொதல்ல கண்ணு நரம்பத்தான் புடிக்கும். குடிச்ச ஒடனே ஒன்னும் தெரியாது. பல மணி நேரம் கழிச்சு வயித்து வலி, வாந்தி, கண்ணு முன்னால பனி மூடுன மாதிரி. ஹேங்க் ஓவர்னு படுத்துடறாங்க, எந்திரிக்கறதில்ல. ஒடனே போனா மாத்து மருந்து இருக்கு, டயாலிசிஸ் இருக்கு, பொழைக்க வெக்கலாம். தினமும் குடிக்கணும்ங்கற கட்டாயத்துல இருக்கறவரு கைல காசு கொறையற அன்னிக்கு எது கெடச்சாலும் குடிச்சிருவாரு அக்கா. அதனால தள்ளிப் போடாதீங்க.

நாட்டுக்கல்_டிரைவர்:

தங்கச்சி, நான் லாரி டிரைவரு. குடிய விட்டு வர்ற சித்திரையோட ஒம்பது வருசம். உங்க வீட்டுக்காரர் இருக்கற எடத்துல நான் இருந்திருக்கேன், டம்ளர ரெண்டு கைல புடிக்கறது வரைக்கும். அதனால அவரு பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்றேன்.

மொதல்ல ஒன்னு. வெடியால அவரு அந்தக் கட்டிங்க போடறது சந்தோசத்துக்கு இல்ல. எனக்கு கடைசி நாலு வருசம் குடில ஒரு சொட்டு சந்தோசம் கெடையாது. நாலு மணிக்கு முழிப்பு வந்துரும், நெஞ்சுல ஒரு பயம், எதுக்குன்னே தெரியாத பயம், கை கால் உள்ளுக்குள்ள குளிரும், இன்னும் எவ்வளவு நேரம் ஓட்டணும்ங்கற கணக்குதான் மனசுல ஓடும். தமிழ்நாட்டுக் கடை மத்தியானம் 12க்குத்தான் தொறக்கும், அதனால வெடியால இந்தப் பக்கம் ஷாப்பு. இங்க மாசம் ஒன்னாந் தேதி ட்ரை டே, அன்னிக்கு அந்தப் பக்கம். நம்ம பார்டர்காரனுக்கு ட்ரை டேன்னு ஒன்னு கெடையாது தங்கச்சி, ரெண்டு கவர்ன்மெண்டோட கடிகாரமும் மனப்பாடமா இருக்கும். பிள்ள பொறந்த நாள் மறந்து போகும், இது மறக்காது. இத ஏன் சொல்றேன்னா, அவரு வேணும்னே பண்றாருன்னு நெனச்சு நீங்க திட்டத் திட்ட அவருக்கு ஒளிச்சு வைக்கறதுதான் கூடும். போதை தலைக்கு ஏறாத நேரத்துல, வெடியால கட்டிங் போட்டு கை நின்ன பின்ன ஒரு அரை மணி நேரம் மனுசன் மனுசனா இருப்பாரு பாருங்க, அப்பப் பேசுங்க. அந்த எறும்பையும் அவங்கப்பாவையும் பத்திப் பேசுங்க. "நீங்க பயந்தீங்க, நானும் பயந்தேன், டாக்டர்கிட்ட போனா அந்த மாதிரி வராமயே நிறுத்தலாமாம்"னு சொல்லுங்க. எங்க வீட்டுல சொன்ன எல்லாத்துலயும் என்னைத் தொட்டது அந்த ஒரு பேச்சுதான். நிறுத்தறதுக்கு எனக்கு ஆசை இல்லாம இல்ல, அந்த மூணு நாள நெனச்சுத்தான் நடுங்கிட்டு இருந்தேன்.

ரெண்டாவது, எங்க கொண்டு போய் விடறீங்கங்கறது. என்னை மொத தடவ எங்க மாமங்க ராத்திரில வந்து காருல தூக்கிப் போட்டுட்டு ஒரு பிரைவேட் ஹோம்ல விட்டாங்க. பேரு வேண்டாம். டாக்டர்னு ஒருத்தர நான் பாக்கவே இல்ல. மூணாம் நாள் கத்துனதுக்கு காலுல சங்கிலி. பக்கத்துல படுத்திருந்த பையன அடிச்சாங்க. 90 நாள் கழிச்சு வெளிய வந்தேன், வந்த அன்னிக்கே குடிச்சேன், கோவத்துலயே குடிச்சேன். 2017 மனநல சட்டப்படி இந்த மாதிரி எடமெல்லாம் கட்டாயம் பதிவு பண்ணியிருக்கோணும், ஆளச் சங்கிலி போட்டுக் கட்டறது குத்தம். பதிவுச் சான்றக் காட்டச் சொல்லிக் கேளுங்க, டாக்டரு தினமும் வர்றாரான்னு கேளுங்க, நீங்க எப்ப வேணா வந்து பாக்கலாமான்னு கேளுங்க. முடியாதுன்னு சொன்னா அந்த வாசல்லயே திரும்பிருங்க.

ரெண்டாவது தடவ நானே நடந்து போனேன், கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரி, 11 நாள். அந்த ரெண்டாம் நாள் மூணாம் நாளெல்லாம் மருந்துல தூங்கியே போச்சு. எனக்கு நெசமா அழுகை வந்துருச்சு, இதுக்கா இத்தன வருசம் பயந்தோம்னு. அப்பறம் நால்ட்ரெக்சோன்னு ஒரு மாத்திரை ஆறு மாசம் சாப்பிட்டேன், குடிக்கணும்ங்கற அரிப்பக் கொறைக்கும். எல்லாருக்கும் அது ஒத்து வராது, டாக்டர் ஈரல் பாத்துத்தான் குடுப்பாரு.

ஆனா மருந்து ஒடம்பத்தான் தெளிய வைக்கும். பொழுதோட அஞ்சு மணிக்கு வேலை முடிஞ்சு வண்டிய நிறுத்துனா கால் தானா எங்க போகும்? அங்கதான் ஏஏ மீட்டிங்கு, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்னு குடிய விட நெனைக்கறவங்க கூடற கூட்டம், என்னைப் புடிச்சு நிறுத்துச்சு. அமெரிக்கால 1935ல குடில இருந்து தப்பிக்கப் பாத்த ரெண்டு பேரு, ஒருத்தர் டாக்டரு, ஆரம்பிச்சது, இன்னிக்கு கோயமுத்தூர், பொள்ளாச்சி, பாலக்காடு எல்லாப் பக்கமும் நடக்குது. காசு இல்ல, பேரு கேக்க மாட்டாங்க. ஒரு ரூம்ல பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்து ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கதையச் சொல்லுவாங்க. மொத நாள் என் கதைய இன்னொருத்தன் வாயில கேட்டேன். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் குடிக்காம இருந்துருன்னுதான் அங்க சொல்லுவாங்க, ஆயுசுக்கும்னு சத்தியம் வாங்க மாட்டாங்க. நீங்களும் சத்தியம் வாங்காதீங்க தங்கச்சி, புள்ள தலைல கை வெச்சு வாங்கவே வாங்காதீங்க. நான் எம்பொண்ணு தலைல கை வெச்சுட்டு ரெண்டாம் நாளே குடிச்சவன். அந்தக் குத்த உணர்ச்சிலயே ஒரு வருசம் சேத்துக் குடிச்சேன்.

குடிக்கறவங்க வீட்டுப் பொம்பளைங்களுக்குன்னு ஆல்-அனான்னு தனியா மீட்டிங் இருக்கு. எங்க வீட்டுல போறாங்க. சென்னைல டிடிகே ஆஸ்பத்திரி இருக்கே, அத 1980ல ஆரம்பிச்ச சாந்தி ரங்கநாதன் அம்மா புருசனக் குடிக்குப் பறிகொடுத்தவங்க. அவங்க எடத்துல அப்போ இருந்தே குடும்பத்துக்கும் சேத்துத்தான் வைத்தியம். நீங்க ராத்திரி தூங்கி எத்தன நாள் ஆச்சுன்னு யாராச்சும் கேட்டாங்களா? அதுவும் பாக்கோணும்.

எட்டிமடை_அக்கா:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கோணும், வேற எங்க கேக்கறதுன்னு தெரியல. எந்தம்பி காலேஜ் ரெண்டாம் வருசம். போன வாரம் அவன் பேக்ல சின்ன ஜிப் கவர்ல கல்லு உப்பு மாதிரி ஒன்னு இருந்துச்சு, கேட்டா எம்டிஎம்ஏங்கற போதை மருந்துன்னு ஒத்துக்கிட்டு அழறான், நிறுத்தணும்ங்கறான். ஆஸ்பத்திரிக்கு போனா போலீஸ் கேஸ் ஆகி வாழ்க்கையே போயிரும்னு அப்பா வேண்டாம்ங்கறாரு. என்ன பண்ண?

பழைய_சிஸ்டர்:

கண்ணு, கூட்டிட்டு போங்க. வைத்தியத்துக்கு வர்றவனப் புடிச்சுக் குடுக்கறது ஆஸ்பத்திரி வேலை இல்ல. 1985 போதை மருந்துச் சட்டத்துலயே இப்ப 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, பயன்படுத்துன குத்தமோ சின்ன அளவு வெச்சிருந்த குத்தமோ இருந்தாலும் தானா முன்வந்து அரசு ஆஸ்பத்திரிலயோ அங்கீகாரம் இருக்கற எடத்துலயோ வைத்தியம் எடுத்து முடிச்சா வழக்குல இருந்து பாதுகாப்பு உண்டு. அத முழுசா ஒரு வக்கீல்கிட்ட கேட்டு அப்பாவுக்குச் சொல்லுங்க. விக்கறவங்களுக்கு இது கெடையாது. அவன் ஊசி போட்டிருக்கானான்னு மெதுவா கேளுங்க, போட்டிருந்தா எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி டெஸ்ட் எடுக்கோணும். இது நின்ன மொத வாரம் ரெண்டு வாரம் மனசு அதலபாதாளத்துக்கு எறங்கும், சாகற நெனப்பெல்லாம் வரும், தனியா விடாதீங்க. அழறான்னு சொன்னீங்கல்ல, அது நல்ல நேரம், நாளைக்கே போங்க.

கொழிஞ்சாம்பாறை_அம்மிணி:

அண்ணா, சிஸ்டர், எல்லாருக்கும் நன்றிங்க. 12 நாள் கழிச்சு வர்றேன். டிரைவர் அண்ணா சொன்ன மாதிரியே ஞாயித்துக்கெழம வெடியால அவரு கட்டிங் போட்டுட்டு திண்ணைல உக்காந்தப்ப பக்கத்துல போய் உக்காந்தேன். எறும்பப் பத்திச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்பறம் "அன்னிக்கு எங்கப்பன் தண்ணி கேட்டான், குடுக்க முடியல"ன்னாரு. இத்தன வருசத்துல அவரு அழுது நான் பாத்ததில்லீங்க. ஆஷா சேச்சி தெரிஞ்ச டாக்டர்கிட்ட போன் பண்ணிக் குடுத்துச்சு, செவ்வாக்கெழம அட்மிட் ஆனோம். வாசல்லயே சிஸ்டர் சொன்னத அப்படியே ஒப்பிச்சேன், கடைசியா எத்தன மணிக்கு, வலிப்பு வந்தது, எல்லாம். டாக்டரு "யாரும்மா இப்படித் தெளிவாச் சொல்லிக் குடுத்தது"ன்னு கேட்டாரு. மொத ஊசியே தயமின்தான். வலிப்பு வரல. மூணாம் நாள் ராத்திரி மட்டும் செவுத்துல என்னமோ ஓடுதுன்னாரு, டோஸக் கூட்டுனாங்க, தூங்கிட்டாரு. ஈரல் வீங்கியிருக்காம், இப்ப நிறுத்துனா இன்னும் மோசமாகாம காப்பாத்தலாம்னாங்க. நேத்து வீட்டுக்கு வந்துட்டோம்.

அத்தை பக்கத்துலயே இருந்து பாத்தாங்க, இப்ப ஒன்னும் சொல்றதில்ல, மட்டைக் குமிய அவங்களே கிளறி ரெண்டு பாட்டில் எடுத்துக் கொண்டுவந்து குடுத்தாங்க.

இப்ப புதுப் பயம். 14ந் தேதி அவரு மச்சான் வீட்டுக் கல்யாணம், மொத நாள் ராத்திரி தோப்புல தண்ணிப் பார்ட்டி கண்டிப்பா இருக்கும். போகலைன்னா ஒறம்பரைக்குள்ள பேச்சு வரும். இவரு "நான் போவேன், குடிக்க மாட்டேன்"ங்கறாரு. விடலாமுங்களா?

நாட்டுக்கல்_டிரைவர்:

மனசு நெறஞ்சிருச்சு தங்கச்சி. மொத நாள் ராத்திரிக்கு வேண்டாம். இன்னும் ஒரு மாசம் கூட ஆகல, அவரு மனசு உறுதியா இருக்கலாம், ஒடம்பு இன்னும் அங்கதான் நிக்குது. முகூர்த்தத்துக்கு வெடியால நீங்க ரெண்டு பேரும் புள்ளயோட போங்க, வீட்டுலயே சாப்பிட்டுட்டுப் போங்க, பசி வந்தா இந்த அரிப்பும் கூடவே வரும், பசி, அலுப்பு, கோவம், தனியா இருக்கறது, இந்த நாலும்தான் அவருக்கு இப்ப எதிரி. தாலி கட்டுனதும் மொய் வெச்சுட்டு பந்தில உக்காந்து சாப்பிட்டுட்டு கெளம்பிருங்க. யாராச்சும் கேட்டா ஈரலுக்கு மாத்திரை சாப்பிடறாரு, டாக்டரு வெளிய தங்கக் கூடாதுன்னாருன்னு சொல்லுங்க, அது நெசம்தானே.

13ந் தேதி பொழுதோட நான் கொழிஞ்சாம்பாறை வழியாத்தான் லோடு கொண்டு போறேன். அவருக்கு சம்மதம்னா அன்னிக்கு மீட்டிங் இருக்கு, கூட்டிட்டு போய் திருப்பிக் கொண்டு வந்து விட்டுருவேன். அவருகிட்ட கேட்டுட்டு எனக்கு மெசேஜ் போடுங்க, அவரையே போடச் சொன்னா இன்னும் நல்லது.